கண்ணகி கெல்லி எறிந்த கல்வாழை

கண்ணகி இளையான்குடிப் பக்கத்துக்காரி. குளித்த தண்ணீரையும் வாளியில் பிடித்து மாட்டுக்கொட்டில் கழுவிய வீட்டில் வளர்ந்தவள். கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, குளியலறைத் தண்ணீர் பின்பக்கம் சும்மா ஓடி வீணாவதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஈரத்தில் நன்றாக வரும் என்று வடலூர் நர்சரியில் சொல்லிக் கொடுத்த கல்வாழைக் கிழங்குகளை அங்கே ஊன்றினாள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தன. வருஷா வருஷம் பக்கத்தில் புதுக்குத்து கிளம்பியது. சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வரும் கணவர் குழந்தைவேல் காபியோடு அங்கேதான் போய் நிற்பார்.

போன கார்த்திகையில் மகள் தமிழ்நிலாவுக்குக் காய்ச்சல் கண்டது. கல்லூரிக்குப் போனவள் பாதியிலேயே திரும்பி வந்து போர்த்திக்கொண்டு படுத்தாள். மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அடுத்த பிளாக்கில் யாருக்கோ டெங்கு என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம்.

பக்கத்து வீட்டு காயத்ரி வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் புதராலதான் இவ்ளோ கொசு. எங்க வூட்லயும் சின்னப் புள்ள இருக்குது."

கண்ணகி கடப்பாரையை எடுத்துக் கல்வாழையைக் குத்துக் குத்தாகக் கெல்லி எறிந்தாள். மகள் முனகுவது ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பூத்து நின்றதைக்கூட அவள் விடவில்லை.

"என் கையாலயே என் புள்ளைக்கு நோயை வளத்து வச்சிருக்கேனே" என்று கணவரிடம் சொன்னபோதுதான் அழுகை வந்தது.

மறுநாள் சோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "டெங்கு இல்லம்மா. சாதாரண வைரஸ் காய்ச்சல்தான்" என்றார். கண்ணகி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். தயங்கித் தயங்கிக் கல்வாழையைப் பற்றிக் கேட்டாள்.

"தண்ணி தேங்காமப் பாத்துக்கங்க, போதும். செடி என்னம்மா பண்ணும்?"

அன்று சாயங்காலம் காயத்ரி ரசத்தோடு வந்தாள். "பயத்துல சொல்லிட்டேங்க்கா. நீங்க புடுங்கியே போட்டுடுவீங்கன்னு நெனைக்கல."

"நானும் பயத்துலதான் புடுங்குனேன். விடு."

இரண்டு பேரும் சேர்ந்து, வாடாத கிழங்குகளைப் பொறுக்கி மறுபடி ஊன்றினார்கள். பாதி நடுவதற்குள் உள்ளேயிருந்து தமிழ்நிலாவின் குரல் கேட்டது.

"அம்மா, பசிக்குது. தோசை ஊத்துறியா?"

மூன்று நாளாக ஒருவாய் கஞ்சிக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டவள். கண்ணகி கிழங்கைக் காயத்ரி கையில் திணித்துவிட்டுக் கை கழுவக் குழாயடிக்கு ஓடினாள்.