யாருக்கும் காய்ச்சல் இல்லை

தங்கமாரி சொல்லிக்கொடுத்தால் ஊமைகூடப் பதில் சொல்லும் என்று ஒரகடத்து சீட் கவர் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற கம்பெனி அது. அவ்வப்போது வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட் என்று வந்து லைன் லைனாக நின்று கேள்வி கேட்பார்கள். ஊசி குத்தினால் யாரிடம் போவாய், தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக ஓடுவாய், சாப்பாட்டுக்கு ஒழுங்காக விடுகிறார்களா. புதிதாய்ச் சேர்ந்த பெண் எவளாவது வாயைத் திறந்து உண்மையை உளறிவிட்டால் சூப்பர்வைசர் கதை கந்தல். அதனால் ஆடிட் வருகிறதென்றால் தங்கமாரியைத் தையல் மெஷினிலிருந்து எழுப்பி, பதில் சொல்லிக்கொடுக்கிற வேலையில் போட்டுவிடுவார்கள். அவளுடைய பாடம் ரொம்பச் சின்னது.

"கேள்விய முழுசாக் கேட்டுக்கிட்டு நிக்காதட்டி. கேட்டா யோசிப்ப. யோசிச்சா மாட்டிக்கிடுவ. ஆளு வந்து நின்னதும் பதில ஆரம்பிச்சிரு."

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எட்டாம் வகுப்போடு தையலுக்கு வந்தவள். அந்த ஒரு வித்தையால் லைனில் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது. அதே வித்தையைத்தான் கொரோனா இரண்டாவது சுற்றாக வந்து ஊரை உலுக்கிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில், தன் ஐந்து வயது மகள் ஐஸ்வர்யாவுக்கும் கற்றுக்கொடுத்தாள். வேறு எதைக் கற்றுக்கொடுத்திருந்தாலும் தேவலை.

அவர்கள் இருந்தது மண்ணூரில், தாவீது கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீட்டில். ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் ஏறாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறு' என்பார்கள். குடியிருந்த எல்லாருமே தெற்கத்தி ஆட்கள், எல்லாருமே ஏதாவது ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட். ஊரடங்கிலும் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஆனால் ஒரு முகவரியில் ஒருவருக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால், அந்த முகவரிக்காரர்கள் அத்தனை பேரையும் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கான்ட்ராக்ட் ஆளைத் திருப்பி அனுப்பினால் அனுப்பியதுதான். மறுபடி யார் கூப்பிடப் போகிறார்கள்?

வீட்டுக்காரர் தாவீது அவர் பங்குக்கு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "இதோ பாரும்மா, எந்த வூட்லயாவது காய்ச்சல் கீய்ச்சல்னு ஸ்டிக்கர் ஒட்டினான்னு வையி, அத்தினி பேரும் மூட்டைய கட்டிக்கினு போய்க்கினே இருக்கணும். நான் புள்ளகுட்டிக்காரன்."

அதனால் லைனில் ஒரு ஒப்பந்தம் வந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததல்ல. தானாக வந்தது. யார் வந்து கேட்டாலும் காய்ச்சல் இல்லை. இருமல் வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டு. மே மாதம் பிறந்தபோது ஒரு வீட்டில் சத்தமாக ஓடிய டிவி, மாதம் முடிவதற்குள் முக்கால்வாசி வீடுகளில் அலறிக்கொண்டிருந்தது. காது உள்ள எவனுக்கும் விஷயம் விளங்கியிருக்கும். ஆனால் லைனில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு தங்கமாரி வீட்டிலும் டிவி சத்தம் கூடியது. அவள் புருஷன் அருள்பாண்டி இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவன், கனத்த ஆள். ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. "ரெண்டு நாள்ல சரியாயிரும்டி" என்றான். சரியாகவில்லை. அவன் கம்பெனிக்குப் போன் செய்து, அவனுடைய அப்பாவுக்கு முடியவில்லை, ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டாள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று தன் கம்பெனியிலும் லீவு சொன்னாள். அறையின் மூலையில் கொடி கட்டிப் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டு, அவனை அதற்குப் பின்னால் படுக்க வைத்தாள். மகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். தட்டுத்தடுமாறிச் சொன்ன பிள்ளை, சாயங்காலத்துக்குள் மணி மாதிரி ஒப்பித்தது. அப்பாவுக்கு இருமல் வரும்போது பிள்ளை 'அப்பா' என்று கூப்பிடப் போனால், தங்கமாரி கையால் அதன் வாயைப் பொத்துவாள். நாளடைவில் இருமல் சத்தம் கேட்டதும் பிள்ளையே தன் வாயைப் பொத்திக்கொள்ளப் பழகிவிட்டது. தங்கமாரி அதைப் பார்த்தாள். ஆனாலும் பொத்தாதே என்று சொல்லவில்லை.

காய்ச்சல் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தகடு, தலையில் நீலத் தொப்பி. ஆள் கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியவில்லை. குரல் மட்டும் தெரிந்தது. கொஞ்சம் கரகரப்பாக, இழுத்துப் பேசுகிற குரல்.

"இன்னா பாப்பா, வூட்ல யாரு யாரு கீறீங்க?"

"அப்பா ஊருக்குப் போயிருக்காரு. யாருக்கும் காய்ச்சல் இல்ல" என்றாள் ஐஸ்வர்யா.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "டிவிய கொஞ்சம் கம்மியா வெக்கலாமேம்மா."

"பிள்ள கார்ட்டூன் பாக்கா மேடம். கொறச்சா அழுவா" என்றாள் தங்கமாரி. டிவியில் பங்குச் சந்தை நிலவரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, பக்கத்து மாடத்தி வீட்டுக்குப் போனாள். அங்கேயும் யாருக்கும் காய்ச்சல் இல்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் பள்ளிக்கூடச் சேர்க்கை வந்து நின்றது. ஊரிலுள்ள அரசு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு இங்கிலீஷ் மீடியத்துக்கு இடம் கொஞ்சம்தான். தனியார் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்த வருஷம் அங்கே வந்து விழுந்தார்கள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால் எல்லாமே போனில்தான். லிங்க் வரும், பூர்த்தி செய்ய வேண்டும். அப்புறம் டீச்சரே வீடியோவில் கூப்பிட்டுப் பிள்ளையையும் பெற்றவர்களையும் பார்ப்பார். அந்த அழைப்பை எடுக்காவிட்டால் அடுத்த பிள்ளைக்கு இடம் போய்விடும். தன்னைப்போல் இவளும் மெஷினில் குனிந்து கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் தங்கமாரி இந்த ஊரில் இத்தனை வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததே. அந்த இடத்தை அவள் விடுவாளா?

பிள்ளைக்கு இரண்டாவது பாடம் தொடங்கியது. என் பேர் ஐஸ்வர்யா. எனக்கு ஒன் டூ ட்வென்ட்டி தெரியும். அம்மா பேர் தங்கமாரி.

அழைப்பு வரவேண்டிய அன்று காலையில் அருள்பாண்டி ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க முடியாமல் திணறினான். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு. உதடு ஒரு மாதிரி மங்கிக் கிடந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்ங்க. எனக்குப் பயமா இருக்கு."

"மொதல்ல... பிள்ள சேரட்டும். அந்தப் போன்... முடியட்டும். இப்ப வண்டி வந்தா... எல்லாம் போச்சு."

அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்துத்தான் பின்னால் அவள் பல நாள் தூங்காமல் கிடந்தாள். அவன் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு சேலைக்குப் பின்னால் திரும்பிப் படுத்தான். டீச்சர் பேசுவது பிள்ளைக்குக் கேட்க வேண்டுமே என்று, வாரக்கணக்கில் அலறிக்கொண்டிருந்த டிவியை அவள் அணைத்தாள். சுவருக்கு மேலாக மாடத்தியின் குரல் வந்தது.

"ஏ தங்கம், என்ன அமத்திட்ட?"

"பள்ளிக்கூடத்துலருந்து கூப்புடுவாவக்கா."

மாடத்தி வேறெதுவும் கேட்காமல் தன் வீட்டு டிவியை இன்னும் கூட்டிவைத்தாள். அவளால் முடிந்த உதவி அது.

போன் அடித்தது. திரையில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன முகம். மெர்சி டீச்சர் என்று சொல்லிக்கொண்டாள், இதே ஊர்க்காரிதான். தங்கமாரி இதற்கு முன் பார்த்திராத முகம். பிள்ளையின் தலையைச் சரிசெய்து போனுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இன்னா பாப்பா, வூட்ல யாரு யாரு கீறீங்க?"

பிள்ளையின் முதுகு விறைத்தது. முகம் தெரியாவிட்டால் என்ன, காய்ச்சல் கணக்கெடுக்க வந்த குரல் தெரியுமே. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால் டீச்சர்களைத்தான் அந்த வேலைக்கும் அனுப்பியிருந்தார்கள். அம்மா சொல்லிக்கொடுத்தபடி, கேள்வி காதில் முழுசாக ஏறுவதற்கு முன்பே பதிலை ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா ஊருக்குப் போயிருக்காரு. யாருக்கும் காய்ச்சல் இல்ல."

தங்கமாரி போனைத் தன் பக்கம் திருப்பப் போனாள். அதற்குள் சேலைக்குப் பின்னால் துண்டையும் மீறி இருமல் வெடித்தது. ஐஸ்வர்யா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரைக்குள்ளிருந்து மெர்சி டீச்சர் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அம்மா கையில போன குடு பாப்பா" என்றாள். தங்கமாரி வாங்கிக்கொண்டாள். திட்டுவாள், போலீஸ், ஸ்டிக்கர் என்பாள் என்று எதிர்பார்த்தாள். டீச்சர் குனிந்து எதையோ பார்த்துப் படித்தாள், மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் படித்ததுதான்.

"இந்த வருசம் புதுசா ஒண்ணு கேக்கச் சொல்லிக்கிறாங்க. அப்பா, அம்மா ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்களா?"

ஊருக்குப் போயிருக்காவ. பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆனால் முதல் தடவையாகத் தங்கமாரி ஒரு கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டாள். கேட்டால் யோசிப்பாய் என்று அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். யோசித்தாள். அடுத்த வருஷம் இதே கேள்விக்கு என்ன சொல்வேன் என்று யோசித்தாள்.

"இருக்காவ டீச்சர்" என்றாள். "இந்தா, இங்கனதான் இருக்காவ. அன்னைக்கு நீங்க வந்தப்பவும் இங்கனதான் இருந்தாவ. பொய் சொல்லிட்டேன். பிள்ளையையும் சொல்ல வச்சேன். சீட்டு போயிருமா டீச்சர்?"

"சீட்டு கெடக்குதும்மா. பேரு எழுதிக்கினேன். நீ பின்னால தொங்குற சேலைய வெலக்கி போன அவராண்ட காட்டு."

தங்கமாரி சேலையை இழுத்தாள். கொடியோடு அறுந்து வந்தது.

"அண்ணா, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க. நடுவுல மூச்சு வாங்கக் கூடாது. எத்தினி வரைக்கும் வருதோ, அவ்ளோதான் நெஞ்சுல காத்து."

அருள்பாண்டி துண்டை எடுத்துவிட்டு எண்ணத் தொடங்கினான். எண்ணச் சொன்னது தன்னைத்தான் என்று நினைத்துவிட்டாள் ஐஸ்வர்யா. வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று இங்கிலீஷில் கூடவே எண்ணினாள். ஒன், டூ, த்ரீ. இரண்டு குரலும் ஐந்து வரைக்கும் சேர்ந்து போயின. ஆறில் அப்பா நின்றுவிட்டான். மகள் நிற்கவில்லை. செவன், எய்ட் என்று ஒவ்வொன்றாக, தப்பில்லாமல், இருபது வரைக்கும் தனியாக எண்ணி முடித்துவிட்டுப் பாராட்டுக்காகப் போனைப் பார்த்தாள்.

"வெரி குட் பாப்பா" என்றாள் டீச்சர். "அம்மா, அவர குப்புறப் படுக்க வையி. ஆம்புலன்ஸுக்கு நானே பேசுறேன். போன வெக்காத."

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வந்தபோது லைனில் எல்லாக் கதவும் திறந்தது. உடம்பு முழுக்க மூடிய இரண்டு பேர் அருள்பாண்டியைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோனார்கள். கூட வரக்கூடாது என்றார்கள். தாவீது தூரத்தில் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லாரையும் திட்டினார். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இரண்டு நாளில் எல்லாருக்கும் பரிசோதனை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கம்பெனி பஸ் லைன் வீட்டுக்காரர்களை ஏற்றாமலே போனது.

மாடத்தி நடு முற்றத்தில் நின்று கையை நீட்டிப் பேசினாள். "நல்லா இரு தாயி. உம் புருசன் பொழச்சுக்கிடுவான். எங்க எல்லாருக்க சோத்துலயும் மண்ண அள்ளிப் போட்டுட்டல்லா." மாடத்தி சொன்னதில் பொய் என்ன இருக்கிறது?

அன்று பூராவும் லைனில் டிவிகள் முன்னைவிடச் சத்தமாக ஓடின. பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்தது, ஐஸ்வர்யாவுக்கு இடம் உறுதி என்று. எத்தனை வருஷக் கனவு, அதைப் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. இவள் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. அருள்பாண்டியே பேசினான். மாஸ்க் வழியாகக் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆக்ஸிஜன் வச்சிருக்காவ. இங்க கெடந்து... எண்ணிப் பாத்தேன்டி. ஒம்பது வரைக்கும் வருது."

"ஒம்பதா?" தங்கமாரி உடைந்து அழுதாள். "நல்லா எண்ணுங்க. எண்ணிக்கிட்டே இருங்க."

போனை வைத்தபோதுதான் கவனித்தாள். மாடத்தி வீட்டு டிவி நின்றிருந்தது. அது நின்றதும் சுவருக்கு அந்தப் பக்கம், மாடத்தியின் புருஷன் பெருமாள்சாமி இருமுவது பளிச்சென்று கேட்டது. இவள் புருஷனுக்கு முன்னாலிருந்தே இருமிக்கொண்டிருக்க வேண்டும்.

மாடத்தி வாசலில் வந்து நின்றாள். நேற்று நீட்டிய கையில் இன்று தன் போனை வைத்திருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த டீச்சரு நம்பரு வச்சிருக்கியா?"

தங்கமாரி நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். மாடத்தி உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலாகப் பெருமாள்சாமியின் குரல், திக்கித் திணறி, வரத் தொடங்கியது. ஒண்ணு. ரெண்டு. மூணு.

இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த ஐஸ்வர்யா தலையை நிமிர்த்தினாள். அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவர் கூடவே சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். தங்கமாரி அவள் வாயைப் பொத்தவில்லை.