ஃபோல்க்மாரின் ஓசி ஜாடிகள்

ஃபோல்க்மார் ஹென்ஷ்கே டிராம் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லைப்ஸிக் நகரத்து நடைபாதைகளை மேய ஆரம்பித்தார். இங்கே வேண்டாத சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டு, 'இலவசம்' என்று எழுதி வாசலில் வைப்பது வழக்கம். மற்றவர்கள் போகிறபோக்கில் ஒரு பார்வை பார்ப்பார்கள். இவர் அதற்கென்றே சைக்கிளின் பின்னால் ஓர் இழுவண்டியை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

பழத்தை வேகவைத்துக் குளிர்காலத்துக்குக் கெடாமல் மூடி வைக்கும் கண்ணாடி ஜாடிகள்தான் அவருடைய குறி. யாராவது இறந்துபோய் உறவினர்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று காதில் விழுந்தால், துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு முன்னால் இவர் போய் நிலவறையில் ஜாடி கிடக்கிறதா என்று கேட்பார். ஜாடிகளோடு கண்ணாடி மூடிகள், மூடியை அழுத்திப் பிடிக்கும் கிளிப்புகள் வாளி நிறைய, ஓரம் பெயர்ந்த எனாமல் அண்டா ஒன்று, காற்றுப் புகாமல் மூடிக்கு அடியில் வைக்கும் பழைய ரப்பர் வளையங்கள் கொத்துக் கொத்தாய் எல்லாம் வந்து சேர்ந்தன. புது ஜாடி வாங்குகிறவர்களைக் கடைக்கு நேர்ந்துவிட்ட ஆடுகள் என்பார். அவர் மட்டும் ஒரு ஜாடியில்கூட ஒரு பழத்தைப் போட்டதில்லை. மேல்மாடியில் குடியிருக்கும் எனக்கு, என் சைக்கிளை நிறுத்த நிலவறையில் இடமில்லாமல் போனதுதான் கண்ட பலன்.

அவர் மனைவி ரோஸ்வீதா பொறுமைசாலி. உருளைக்கிழங்கு வைக்கும் மூலைக்கும் ஜாடிகள் பரவிய கோடையில் அந்தப் பொறுமை தீர்ந்தது.

"ஃபோல்க்மார், இந்த வருஷம் தோட்டத்துச் செர்ரி மொத்தமும் உனக்கு. குளிர்காலத்துல திங்கற மாதிரி போட்டு வை. இல்லேன்னா உன் ஜாடி அத்தனையும் வந்த வழியே நடைபாதைக்குப் போகும்."

"எங்கிட்ட இல்லாத சாமானா?" என்று சிரித்தார்.

வளையம் மட்டுமாவது புதிதாக வாங்கிக்கொள் என்றாள் அவள். ஒரு பாக்கெட் வளையம் ஒரு காப்பியின் விலைகூட வராது. வீட்டை விற்கச் சொன்னதுபோல் அவளைப் பார்த்தார். பிறகு ஒரு பழைய வளையத்தை எடுத்து இழுத்துக் காட்டினார். அது நீண்டது; நீண்டபடியே நின்றுவிட்டது. அதையும் தரம் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

ரயில்பாதைக்குப் பக்கத்திலிருந்த அவர்கள் தோட்டத்து மரத்தில் அந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்திருந்தது. சமையலறை முழுக்க ஆவி பறக்க, அண்டாவில் ஜாடிகளை அடுக்கி வேகவைத்தார். ஜாடிகள் ஆறியதும் கிளிப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே காற்றில்லாமல் மூடியிருந்தால் மூடி தானாகவே இறுகி நிற்கும். இல்லையென்றால் கையோடு வந்துவிடும். அந்த ஜாடியை அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டியதுதான். ரோஸ்வீதா வாசற்படியில் நின்றே இதைச் சொன்னாள்.

"ஒரு வாளி கிளிப் வெச்சிருக்கேன். கழட்டி என்ன பண்ண? இருக்கட்டும், ரெட்டைப் பாதுகாப்பு" என்றார் அவர். வழக்கமாக ஒரு ஜாடிக்கு இரண்டு கிளிப் போதும். அவர் நான்கு போட்டார்.

இலையுதிர்காலம் முழுக்க நிலவறைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதே அவருக்கு வேலையானது. மீட்டர் பார்க்க வந்தவர்கூடத் தப்பவில்லை. விளக்கொளியில் ஜாடிகள் சிவப்பாக மின்னின, அதை மறுப்பதற்கில்லை. "நீங்க பாவம், கடையில வாங்கித் திங்கறீங்க" என்று என்னிடம் சொன்னார். என் குப்பையில் கிடந்த ஜாம் பாட்டிலை எப்போதோ பார்த்து வைத்திருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு ஞாயிறன்று ரோஸ்வீதாவின் அக்கா சீக்ரூன் வந்திருந்தாள். என்னையும் அழைத்திருந்தார்கள். சூடான பால்சோறும் அதன்மேல் ஃபோல்க்மாரின் செர்ரியும் என்று ஏற்பாடு. அவர் ஒரு ஜாடியைத் தட்டில் வைத்து ஏந்தி வந்தார். எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசிக் கிளிப் விடுபட்டதும் மூடி தானாக வழுக்கி மேஜைவிரிப்பில் விழுந்தது. செர்ரியின் மேல் கம்பளித் துண்டு போலப் பூஞ்சை படர்ந்திருந்தது.

"மேல வழிச்சு எறிஞ்சா போதும்" என்றார்.

சீக்ரூன் தன் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் கீழே ஓடி இன்னொன்று கொண்டு வந்தார். அதற்குப் பிறகு இன்னொன்று. பால்சோற்றின் மேல் ஆடை கட்டிவிட்டது.

"கீழ இன்னும் எவ்வளவு பாதுகாப்பா இருக்கு?" என்று கேட்டாள் ரோஸ்வீதா.

நாங்கள் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவிச் சாப்பிட்டோம். மறுநாள் அவர் எல்லாக் கிளிப்புகளையும் கழற்றிப் பார்த்திருக்கிறார். ஒரு மூடிகூட நிற்கவில்லை. கோடையிலேயே கழற்றியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், பாதியையாவது தின்றிருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை கழுவிய ஜாடிகளை அவரே சுமந்து வாசலில் வைத்தார். 'இலவசம்' என்று எழுதியது மட்டும் ரோஸ்வீதா. மதியத்துக்குள் ஜாடிகள் போய்விட்டன. அண்டாவை மாணவர்கள் தூக்கிப் போனார்கள். ரப்பர் வளையக் கொத்தை மட்டும் ஓசியில்கூட யாரும் தொடவில்லை.

மாலையில் சைக்கிளில் திரும்பி வந்த ஃபோல்க்மார், பெட்டியைக் கண்டதும் பிரேக் பிடித்தார். குனிந்து கொத்தை எடுத்தார். ஒரு வளையத்தை இழுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கொத்தைச் சட்டைப்பையில் திணித்தார்.

ரோஸ்வீதா ஜன்னலைத் திறந்தாள். "ஃபோல்க்மார், அது நம்ம பெட்டி."

"தெரியும்," என்றார் அவர். "இலவசம்னு எழுதியிருக்கே."