நாலிலிருந்து ஐந்து வரை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நான் வேலை பார்க்கும் சாக்லேட் கடையில் எல்லோருக்கும் அது தெரியும். கல்யாணத் தளத்தில் போட்ட விவரத்தில் மட்டும் 'அமைதியான சுபாவம்' என்று இருந்தது. எழுதியவள் என் அக்கா.

அதை நம்பித்தான் கூக்கால் என்ற மலைக்கிராமத்திலிருந்து ஒருவர் பேச வந்தார். பூண்டு விவசாயி, முப்பத்தெட்டு வயது, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நேரில் பார்க்காமல் ஆறு மாதம் எழுத்திலேயே பேசினோம். காட்டெருமை வந்து தோட்டத்தை மிதித்துவிட்டுப் போனதைக்கூட, சொல்லாமல் வந்த சம்பந்தியைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிச் சிரிக்க வைப்பார். எனக்கு அவரை ரொம்பவே பிடித்துவிட்டது.

ஒரே ஒரு குறை. மாலை நாலு மணிக்கு ஆன்லைனில் வருவார், ஐந்துக்குப் போய்விடுவார். காலையில் நான் அனுப்பியது அதுவரை அப்படியே கிடக்கும். வீடியோவில் வரச் சொன்னால் படம் அசையாமல் நின்றுவிடும். கேட்டால், "ஊருக்குள்ள சிக்னல் இல்லைங்க" என்பார். ஏமாற்றுகிறவன் எவனும் இதைத்தானே சொல்வான்!

அக்கா அடித்துச் சொன்னாள். "அது அவன் பொண்டாட்டி வெறகுக்குப் போற நேரம்டி. விட்டுத் தள்ளு, உனக்கு வேற சோலி இல்ல?"

"ஒரு நாளைக்கு எனக்கு ஒரு மணி நேரம்தானா?" என்று அவரிடம் சண்டை போட்டேன். "மன்னிச்சுக்கங்க" என்று மட்டும் எழுதினார். அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான் எனக்குப் பட்டது. மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அவரிடம் சொல்லாமல் கூக்கால் பஸ் ஏறினேன். திரும்பி வர பஸ் உண்டா என்றுகூட விசாரிக்கவில்லை. அந்தப் பொண்டாட்டி முன்னாலேயே அவரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதுதான் திட்டம்.

ஊருக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் பஸ் மெதுவானது. மேட்டில் ஒரு பாறை, ஒருவர் நிற்கத்தான் இடம். போட்டோவில் பார்த்த அதே ஆள், மண் அப்பிய பூட்ஸோடு, குனிந்து போனில் தட்டிக்கொண்டிருந்தார். கீழே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. கீழே இருந்த ஒரு அம்மாவிடம் என்ன கூட்டம் என்று கேட்டேன்.

"இங்கனதாம்மா சிக்னல் எடுக்கும். தோட்ட வேலை முடிஞ்சு வந்தா ஆளுக்குப் பத்து நிமிசம். அஞ்சுக்கு மேல மேலத்தெரு ஆளுக முறை."

"அவரு மட்டும் ஒரு மணி நேரம் நிப்பாரே?"

"அவனுக்கும் பத்துதான். நாயுடுபுரத்துல ஒரு பொண்ணுகிட்டப் பேசுறான். நல்லா அமையட்டும்னு நாங்க அஞ்சு பேரும் எங்க பத்த அவனுக்கு விட்டுட்டோம். ஆறு மாசமா நான் எம் மகன்கிட்ட ஞாயித்துக்கிழம காலைல மட்டுந்தான் பேசுறேன்."

"அப்ப இன்னைக்கு எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?"

"நேத்து அந்தப் பொண்ணு நேரம் பத்தலைன்னு சண்டையாம். சமாதானம் ஆச்சான்னு கேட்டுட்டுப் போகத்தான்."

எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையும் வந்துவிட்டது. "நாளைல இருந்து உங்க நேரத்துல உங்க மகன்கிட்ட நீங்களே பேசுங்கம்மா" என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து பாறையைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே, எழுதுனது போதும்! வெரசா எறங்கி வா!"