தலையாட்டாத கிடா

அலமாரி நிறையப் பகுத்தறிவுப் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கும் நான், ரத்தப் பரிசோதனைக்குப் போன அன்று, சர்க்கரை இறங்கினால் கிடா வெட்டுவதாகக் குலசாமிக்கு நேர்ந்துகொண்டேன். விரல் நுனியில் ஊசி ஏறும்போது மனிதன் படித்ததெல்லாம் எங்கோ போய்விடுகிறது. சர்க்கரையும் இறங்கித் தொலைத்தது.

வாங்கி வந்த கிடாவைக் கோயில் கொடைத் திருவிழா வரைக்கும் கோவில்பட்டி வீட்டு வாசலில் கட்டினேன். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் சோளத்தட்டையை நீட்டிக்கொண்டே விசாரணையைத் தொடங்கினாள்.

"அப்பா, இத எங்கன கூட்டிட்டுப் போறோம்?"

"புதூர்ப் பக்கம், நம்ம சாமி கோயிலுக்கு. சாமிக்குக் குடுத்துருவோம்."

"சாமி வளக்குமா?"

நான் குனிந்து கிடாவின் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

"வெட்டப் போறீங்கன்னு அம்மா சொல்லிட்டாவ. ஒங்களுக்குச் சுகர் எறங்குனதுக்கு இத எதுக்கு வெட்டணும்? லட்டுத் தின்னது நீங்கதான?"

"ஏட்டி, சும்மா வெட்ட மாட்டோம். அதுகிட்டக் கேப்போம். மேல தண்ணி ஊத்துவோம். தலைய ஆட்டி ஒடம்பச் சிலுப்புச்சுன்னா சம்மதம்னு அர்த்தம்."

"தண்ணி ஊத்துனா நானுந்தான் சிலுப்புவேன்."

"ஒன்ன யாரும் நேந்து விடலயே."

"ஆட்டலேன்னா?"

"வீட்டுக்கே கூட்டிட்டு வந்துருவோம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

தண்ணீர் பட்டும் தலையாட்டாத கிடாவை நான் பார்த்ததேயில்லை. அந்தத் தைரியத்தில் அடித்த சத்தியம் அது.

அன்றிலிருந்து மகள் கிடாவைக் குளிப்பாட்ட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை. வாசல் கரிசல் சகதியாகி, எங்கள் செருப்புகளெல்லாம் கட்டி கட்டியாய் மண்ணைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தன. "நல்லதண்ணி வாரதே அத்தி பூத்தாப்புல. இவ ஆட்டுக்கு அபிஷேகம் பண்ணுதா!" என்று மனைவி கத்தினாள். நானோ, குழந்தைக்கு எவ்வளவு சுத்த உணர்ச்சி பாருங்கள் என்று அலுவலகத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

கொடை நாளில் மாலை போட்ட கிடாவின் மேல் பூசாரி மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். கிடா பாதிக் கண்ணை மூடிச் சுகமாக நின்றது. மறுபடி ஊற்றினார். நக்கிப் பார்த்தது.

"காதுல ஊத்துங்க அண்ணாச்சி" என்றான் மைத்துனன். அவன் பசி அவனுக்கு.

காதில் ஊற்றினார். கிடா மெல்லத் திரும்பி அடுத்த காதைக் காட்டியது.

"நேந்தவருகிட்டதான் ஏதோ கொற இருக்கு" என்றார் பூசாரி. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "பொறுங்க, ஈ வந்து உக்காந்தா எப்படியும் ஆட்டிரும்."

உடனே மகள் பாவாடையை வீசி ஈ விரட்டத் தொடங்கினாள். விரட்டியபடியே என்னைப் பார்த்து, "அப்பா, சத்தியம்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் மசாலா அரைத்து முடித்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு.

"உத்தரவு இல்ல. அவுத்து விடுங்க" என்றேன்.

கறிக்கு அரைத்த மசாலாவில் உருளைக்கிழங்கு வெந்தது. மைத்துனன் அதை ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் பார்த்துத் தின்றான்.

திரும்பி வரும்போது லோடு ஆட்டோவின் பின்னால் நான், மகள், நடுவில் மாலையைத் தின்றுகொண்டிருந்த கிடா.

"ஏட்டி, தெனமும் குளிப்பாட்டுனது இதுக்குத்தானா?"

"கேக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? நான் மொதல்லயே கேட்டுப் பழக்கிட்டேன்."

கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்துக்கொண்டு வந்தவள், டிரைவர் பக்கத்தில் இருந்த தன் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"எம்மா, அப்பா மேல தண்ணி ஊத்துனா தலைய ஆட்டுவாவளா?"

மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவியளுக்குத் தண்ணி எதுக்குட்டி? சும்மாவே ஆட்டிக்கிட்டுதான இருக்காவ."