கதவுக்கு வெளியே ‘நான்’

கனடாவில், டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்ட் கதவை ஒரு நண்பன் தட்டுவான். ‘ஆர்?’ என்றால் ‘ரொட்டி’ என்பான்.

“இஞ்சேருங்கோ, உங்கட ரொட்டி வந்திட்டுது,” என்பாள் மனைவி.

அவன் குர்து இனத்தவன். தொண்ணூறுகளில் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். எங்களுக்குப் பொதுமொழி உடைந்த ஆங்கிலம். பொதுத்தொழில் உடைந்த கோப்பைகள். அங்கிருந்த எங்கள் தமிழ் ஆட்களிடம் ‘மச்சான்’ பழகி, முதலாளியையும் அப்படியே கூப்பிட்டான்.

கனடியக் கடவுச்சீட்டு கிடைத்ததும், துருக்கியின் கிழக்கே இருந்த தாயைப் பார்க்க என்னையும் துணைக்கு அழைத்தான். சொந்த ஊருக்குப் போகப் பயந்த நான், அடுத்தவன் சண்டைக்குள் வீரமாகப் புறப்பட்டேன்.

முதல் சோதனைச் சாவடியில் பஸ் நின்றதும், எங்கள் ஊர்ப் பழக்கத்தில் யாரும் சொல்லாமலே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வரிசையில் நின்றேன். வரிசையில் நான் மட்டும்தான். பஸ்ஸே சிரித்தது. கூரையில்லாத வீடுகள் தென்படத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு அடங்கியது. தன் கிராமத்தையும் ஆமி இப்படித்தான் எரித்தது என்றான். தாய் இப்போது பக்கத்து நகரத்தில் இருந்தாள்.

அவனுக்கு ஒரே பயம்: தாய் தன்னை அடையாளம் காண்பாளா? மீசை முளைக்கும் முன் போனவன், வழுக்கையோடு திரும்பியிருந்தான்.

வாசலில் நின்றுவிட்டான். “நீ தட்டு மச்சான். எனக்குக் கை வருகுதில்லை.”

தட்டினேன். உள்ளே ஒரு பெண்குரல் ஏதோ கேட்டது. மூடிய கதவுக்குப் பின்னால் வேறென்ன கேட்பார்கள்? பழக்கதோஷத்தில், “நான்,” என்றேன்.

உள்ளே காலடிகள் போய்வந்தன. பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. முகம் தெரியவில்லை. ஒரு கை மட்டும் துணியில் சுற்றிய ரொட்டியை நீட்டியது.

குர்து மொழியில் ‘நான்’ என்றால் ரொட்டியாம். மலையிலிருந்து இறங்கி வரும் போராளிப் பெடியள் கதவைத் தட்டிக் கேட்பது அதைத்தானாம். முகம் பாராமல் கொடுத்தால், ஆமி விசாரிக்கும்போது யாரையும் காணவில்லை என்று பொய்யில்லாமல் சொல்லலாம். இதெல்லாம் அவன் பிறகு விளக்கியது. ஆனால் அந்தக் கையை எனக்கு விளக்கமில்லாமலே தெரிந்தது. எங்கள் வாசல் படலையில் ஊர்ப் பெடியளுக்குச் சோற்றுப் பார்சல் நீட்டிய அம்மாவும் வேறு பக்கம்தான் பார்ப்பாள்.

அவன் ரொட்டியை விட்டுக் கையைப் பிடித்தான். கை திமிறியது. ஒரு சொல் சொன்னான். என் காதில் ‘தாயே’ என்றே விழுந்தது. அவர்கள் மொழியிலும் ஏறக்குறைய அதேதானாம். கை திமிறுவதை நிறுத்தியது. கதவு திறந்தது.

வழுக்கையைத் தடவித் தடவி அழுது முடித்த பிறகு, அவள் அந்த ரொட்டியை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். கேட்டவன் நான்தானே.