மவுஸ் யூட்டிடம், கீபோர்ட் என்னிடம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கமரா மறுபடியும் சுவருக்குள் போய்விட்டது. கணினி விளையாட்டில் வருகிற கமராவைத்தான் சொல்கிறேன். வாளும் கேடயமுமாக நாயகன் ஒருவன் நடப்பான். அவனுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று, அவனையும் அவன் போகும் வழியையும் அது காட்டிக்கொண்டு வரும். வெட்டவெளியில் அது நல்ல பிள்ளை. ஒடுக்கமான குகைக்குள் நாலு பேர் வந்து சூழ்ந்துகொண்டால் போதும், அதற்குப் புத்தி கெட்டுவிடும். பின்னுக்குப் போக இடமில்லாமல் சுவரில் முட்டி, முன்னுக்கு வந்து, நாயகனின் பிடரியைத் திரை முழுக்கக் காட்டும். அடிக்கிறவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாது. அடி மட்டும் விழும். விளையாட்டுச் செய்கிறவர்கள் மலையைச் செய்கிறார்கள், மழையைச் செய்கிறார்கள், நாயகனின் தாடியில் ஒவ்வொரு மயிரையும் செய்கிறார்கள். இந்த ஒரு சனியனை மட்டும் இத்தனை வருடமாகியும் ஒருவராலும் திருத்த முடியவில்லை.

எரிச்சலில், "றோட்டுப் பக்கம் திருப்படா" என்று கத்திவிட்டேன்.

குசினிக்குள் நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள். "ஆரோட கதைக்கிறியள்?"

"ஒருத்தரோடையும் இல்லை."

"வீட்டுக்குள்ள எங்கையப்பா றோட்டு?"

அவளுக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் சோறு அடிப்பிடித்துவிடும். உங்களுக்குச் சொல்லலாம், உங்களுக்கு அடுப்பில் ஒன்றும் இல்லை.

றோட்டுப் பக்கம் என்பது புதுக்குடியிருப்பில் நான் வேலை செய்த கடையின் வலப்பக்கம். அந்தக் கடையை நாங்கள் கொமினிகேசன் என்போம். ஃபொட்டோகொப்பி, லமினேற்றிங், அடையாள அட்டைக்குப் படம், வேலை விண்ணப்பம் அடித்துக் கொடுத்தல், கலியாண வீடியோ எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. இன்றைக்கும் எங்காவது லமினேற்றிங் மெசினில் பிளாஸ்ரிக் சுடுகிற மணம் வந்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். வங்கியில் நின்றாலும் சரி, பள்ளிக்கூடத்தில் நின்றாலும் சரி, யாரையோ வெட்டப் போகிறவன் மாதிரி வியர்க்கும்.

சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்து குடியேறி, தகரக் கூரைகள் ஓட்டுக் கூரைகளாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. கலியாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. வீடியோ இல்லாமல் ஒருவரும் தாலி கட்டவில்லை. அதனால் கடைக்காரி கமலா அக்கா கொழும்பிலிருந்து ஒரு பெரிய கணினி எடுப்பித்தார். அக்காவின் தாய்தகப்பன் மலையகத்திலிருந்து வந்து அக்கராயனில் குடியேறிக் கமம் செய்தவர்கள். அக்காவுக்கு வயலில் நிற்கப் பொறுமை இல்லை, வீடியோ வெட்டி ஒட்டுவதற்கென்றால் பகல் முழுக்க அசையாமல் இருப்பார். மணப்பெண்ணைச் சுற்றி ரோசாப் பூ விழ வைப்பதும், மாப்பிள்ளையை முகில் மேல் நடக்க வைப்பதும் அந்தக் கணினியில்தான். நல்ல கிராஃபிக்ஸ் காட் போட்டிருந்தது. அக்காவுக்கு அது முகிலுக்கு. எங்களுக்கு அது வேறு விதமாகப் பயன்பட்டது.

வேலைக்கு நானும் யூட்டும். நான் முள்ளியவளையில் கமக்காரக் குடும்பம். யூட் முல்லைத்தீவுக் கரையில் மீன் பிடிக்கிற வேதக்காரக் குடும்பம், கத்தோலிக்கர். விடியப் புறம் தகப்பனோடு கடலுக்குப் போய்விட்டு வந்து, குளித்து, தலையை எண்ணெய் வைத்து அழுத்திச் சீவிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவான். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அவன் விரலில் படகு எஞ்சினின் மண்ணெண்ணெய் மணந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் கடை மவுஸும் அப்படி மணக்கத் தொடங்கியது. அக்கா அதைப் பிடித்து மணந்து பார்த்து, "இதைப் பத்த வைச்சால் எரியும் போல" என்றார்.

விளையாட்டைக் கொண்டுவந்தவன் யூட்தான். வவுனியாவில் படித்த சொந்தக்காரன் ஒருவனிடம் பதிந்து வாங்கியது. அக்கா மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போவார். அந்த நேரத்தில் ஷட்டரை அரைவாசிக்கு இறக்கிவிட்டு நாங்கள் இருப்போம். நேரம் கொஞ்சம், கணினி ஒன்று, ஆள் இரண்டு. ஒருவன் விளையாட மற்றவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க எங்கள் இருவருக்கும் பெருந்தன்மை போதாது. அதனால் நாயகனைப் பங்கு போட்டோம். மவுஸ் யூட்டிடம், கீபோர்ட் என்னிடம். கமராவைத் திருப்புவதும் வாளை வீசுவதும் அவன். நடப்பது, ஓடுவது, அடி வரும்போது உருண்டு தப்புவது நான். அதாவது கண்ணும் கையும் அவனுடையது, காலும் உயிரும் என்னுடையது.

இப்படி ஒரு ஆளை இரண்டு பேர் நடத்துவதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். முன்னுக்குப் போகும் விசையை அழுத்தினால் நாயகன் கமரா பார்க்கிற பக்கம்தான் போவான். நான் அதை அழுத்திக்கொண்டிருக்கும்போது யூட் கமராவைச் சுழற்றினால், ஓடித் தப்பவேண்டியவன் அரை வட்டம் அடித்து எதிரியின் கோடரிக்குக் கீழே போய் நிற்பான். "ஏன்டா இப்ப திருப்பினனீ?" என்று நான் கேட்பேன். "நீ ஏன்டா ஓடினனீ?" என்று அவன் கேட்பான். இதற்குள் நாயகன் செத்திருப்பான்.

இடம், வலம் என்று சொல்லிப் பார்த்தோம், சரிவரவில்லை. நாயகனின் வலமா எங்கள் வலமா என்று யோசிக்கிற நேரத்தில் தலை போய்விடும். அதனால்தான் கடையை வைத்துத் திசை சொன்னோம். திரைக்கு முன்னால் இருந்தால் வலக்கைப் பக்கம் றோட்டு, இடக்கைப் பக்கம் கொப்பி மெசின். "றோட்டுப் பக்கம் உருளு." "மெசின் பக்கம் ரெண்டு பேர் வாறாங்கள்." வெளியே நின்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் ஏதோ சாமான் இறக்குகிறோம் என்று தோன்றியிருக்கும்.

அதைவிடப் பெரிய வில்லங்கம், யூட்டின் கமரா தலைகீழ். அவன் மவுஸை இடப்பக்கம் தள்ளினால் பார்வை வலப்பக்கம் திரும்பவேண்டும். விளையாட்டின் அமைப்புகளில் போய் அப்படி மாற்றி வைத்திருந்தான். எனக்கு விசர் வரும். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"எஞ்சின் பிடியை இந்தப் பக்கம் தள்ளினால் போட் அந்தப் பக்கம்தானே திரும்பும்?" என்றான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற முகத்தோடு.

"இது போட் இல்லையடா."

"பின்னால நிண்டு திருப்பிறதெல்லாம் போட்தான்."

எனக்குத் தெரிந்ததோ எங்கள் வீட்டு இரண்டு சில்லு உழவு மெசின். அதில் இடக்கைப் பிடியை அமத்தினால் அது இடப்பக்கம்தான் திரும்பும். சில நாள் நான் மவுஸை வாங்குவேன். அப்போது அமைப்பை மாற்றுவேன். அடுத்த நாள் அவன் மாற்றுவான். மாற்ற மறந்துபோன நாளில் கமரா வானத்தையும் சுவரையும் சுற்றிச் சுற்றிக் காட்ட, நாங்கள் மாறிமாறித் திட்டிக்கொள்வோம். அக்கா ஒருநாள் சாப்பிட்டு வந்து இதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ஒரு ஆளை நடத்த ரெண்டு பேர். அதுக்குள்ள கடலுக்கும் வயலுக்கும் சண்டை" என்று சொல்லிவிட்டு, எங்களை எழுப்பிவிட்டு மாப்பிள்ளையை முகிலில் ஏற்றப் போய்விட்டார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த விளையாட்டில் கமராவை ஒரே எதிரி மேல் பூட்டிவிட ஒரு விசை இருந்தது. லொக் பண்ணுவது என்போம். பண்ணிவிட்டால் கமரா தானாகவே அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும். யூட் அதைத் தொடமாட்டான். "ஒருத்தனையே பார்த்துக்கொண்டு நிண்டால் மற்றவன் வாறது எப்பிடித் தெரியும்? நான் பார்க்கிறன், நீ ஓடு" என்பான். அவன் அப்படிச் சொல்கிறபோது எனக்கு ஒரு தைரியம் வரும். அந்தத் தைரியத்தில் எத்தனையோ முறை செத்திருக்கிறேன்.

கடைசிக் கட்டத்தில் ஒரு வட்ட மண்டபம். சுற்றவரத் தூண்கள். நடுவில் இரும்புச் சம்மட்டியோடு ஒருவன். மண்டபத்தான் என்று பேர் வைத்தோம். அவனைக் கொன்றால் கதை முடிந்தது. ஆனால் அவனோடு சண்டை பிடிக்க முதல் தூண்களோடு சண்டை பிடிக்கவேண்டும். கமரா ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் போய் நிற்கும். திரை முழுக்கக் கல். கல்லுக்கு அந்தப் பக்கம் சம்மட்டி விழுகிற சத்தம்.

நாங்கள் அவனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த நாட்களில்தான் யூட்டுக்குக் கட்டார் விசா வந்தது. வீட்டில் தங்கச்சிமார். கடலிலும் அந்தப் பருவம் பெரிதாக ஒன்றும் இல்லை. போகவேண்டியதுதான். "போக முதல் மண்டபத்தானை முடிச்சுப்போட்டுப் போகவேணும்" என்று மட்டும் சொன்னான். அதன்பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. ஒருவரின் பிறப்புச் சான்றிதழைத் தலைகீழாகக் கொப்பி எடுத்துக் கொடுத்து ஏச்சு வாங்கினேன். இவன் போவதற்குள் இதையாவது சேர்ந்து முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கடைசி நாள் மத்தியானம் நாங்கள் நன்றாக விளையாடினோம். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. "றோட்டு" என்றால் கேட்டு முடிய முதல் உருண்டிருப்பேன். நான் உருளப்போவது தெரிந்து அவன் கமராவை அசைக்காமல் வைத்திருப்பான். மண்டபத்தானின் உயிர்க் கோடு மயிரிழைக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு வெட்டு. அப்போது கமரா தூணுக்குப் பின்னால் போனது.

"தெரியேல்லை. எந்தப் பக்கம்?"

"பொறு, பொறு."

"எந்தப் பக்கமடா?"

அவனுக்கும் தெரியவில்லை. நான் மெசின் பக்கம் உருண்டேன். சம்மட்டியும் அந்தப் பக்கம்தான் வந்தது.

ஷட்டரை உயர்த்திக்கொண்டு அக்கா உள்ளே வந்தார். பின்னாலேயே கலியாண வீட்டார், வீடியோவில் தங்கள் மாமனார் விடுபட்டுப் போனாராம் என்று. யூட் எழும்பி மவுஸை அக்காவிடம் கொடுத்தான். பஸ் ஏறும்போது, "நான் லீவில வருவன்தானே. நீ தனிய முடிச்சுப்போடாதை" என்றான்.

"ஓம்" என்றேன்.

அந்த "ஓம்" என்னைப் படுத்தின பாடு கொஞ்சமல்ல. சேமித்த விளையாட்டைப் பென் டிரைவில் எடுத்து வைத்தேன். அக்காவின் கணினி பழுதாகி விற்றபோதும், கடை கைபேசிக் கடையாக மாறியபோதும் அது என்னிடம் பத்திரமாக இருந்தது. நான் கிளிநொச்சிக்கு வந்து கலியாணம் கட்டி முதல் மடிக்கணினி வாங்கியபோது, கலியாணப் படங்களுக்கும் முன்னால் மண்டபத்தான்தான் அதற்குள் குடியேறினான். தனியாக விளையாடப் பழகி வேறு விளையாட்டுகள் எத்தனையோ முடித்தேன். அதை மட்டும் தொடவில்லை. டிசம்பர் வந்தால், நத்தாருக்கு நத்தார் யூட்டிடமிருந்து செய்தி வரும். வாழ்த்துக்குக் கீழே ஒரு வரி: "மண்டபத்தான் இருக்கிறானோ?" நான் எழுதுவேன்: "இருக்கிறான். உன்னைத்தான் கேட்டவன்."

ஊருக்கு அவன் வந்து போனவன்தான். வருகிற ஒவ்வொரு தடவையும் ஒரு தங்கச்சியின் கலியாணம், இல்லாவிட்டால் வீட்டு வேலை. என்னிடம் வந்து அவசரமில்லாமல் இருந்தது போன வருடம்தான். உடம்பு வைத்து, கண்ணாடி போட்டிருந்தான். விரலில் ஏதோ வாசனைத் தைலம் மணந்தது. மேசைக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டு வைத்திருந்தேன். மனைவி சிரித்தாள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

மண்டபம் திறந்தது. அதே தூண்கள். நான் உருள அழுத்துவதற்குள் என் வலக்கை மவுஸைத் தேடிப் போய் அவன் கையில் இடித்தது. அவனுடைய இடக்கை என் விசைகள் மேல் வந்து விழுந்தது. அங்கே கட்டார் அறையில் அவனும் தனியாக விளையாடிப் பழகியிருக்கிறான். "வலப்பக்கம்" என்றான். எந்த வலம் என்று நான் யோசித்தேன். செத்தோம். திரும்பவும் செத்தோம். ஒரு கட்டத்தில் எனக்கு மூளைக்குள் பொறி தட்டியது. கமரா சரியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்குச் சரியாக. மடிக்கணினியில் ஏற்றியபோதே நான் என் கைக்கு ஏற்ற மாதிரி வைத்த அமைப்பு அப்படியே இருக்க, அவன் அதைக் கவனிக்காமலே திருப்பிக்கொண்டிருந்தான். அவன் போட் எஞ்சின் பிடித்து எத்தனை காலமோ.

"இப்பிடிச் சரிவராது மச்சான்" என்றான். "ஒராள் விளையாடுவம்."

"நீ விளையாடு. நான் தேத்தண்ணி கொண்டு வாறன்."

கோபத்தில்தான் எழும்பிப் போனேன். அவன் மேலா, அந்தக் கமரா மேலா, காவல் காத்த என் மேலா, தெரியவில்லை. தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது திரையில் பெயர்கள் கீழிருந்து மேலாக ஓடிக்கொண்டிருந்தன.

"முடிஞ்சுது மச்சான்."

"என்னண்டு?"

"லொக் பண்ணிப்போட்டு அடிச்சனான். லேசாத்தான் இருந்தது." கோப்பையை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். "ஏன், சந்தோசம்தானே?"

"ஓம்" என்றேன். அவன் தலையில் அந்தத் தேத்தண்ணியை ஊற்றியிருக்கவேண்டும்.

இந்த நத்தாருக்கும் யூட்டின் வாழ்த்து வந்தது. மெழுகுதிரியும் நட்சத்திரமும் போட்ட படம். அதற்குக் கீழே ஒரு வரியும் இல்லை. எதையாவது கேட்பான் என்று கொஞ்ச நேரம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் ஒரு படம் தேடி எடுத்து அனுப்பிவிட்டேன்.