தபாலில் வராத ஓட்டு

அது 1972-ஆம் ஆண்டு. என் கணவருக்கு மேற்கு ஜெர்மனியில், மான்ஹைம் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், அங்கிருந்த ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வாரம் மூன்று நாள் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுக்கப் போனேன். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடக்க இருந்த சமயம். அதைப் பற்றிக் கடைசி வகுப்பு மாணவிகளுக்கு ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னார்கள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். வாக்காளர் பட்டியலுக்காக வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதியிருக்கிறேன். வாக்குச்சாவடியில் உட்கார்ந்து விரலில் மை வைத்திருக்கிறேன். தேர்தலைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித்தர வேண்டும் என்ற மிதப்பு.

பாடத்தை நன்றாகவே நடத்தினேன். வகுப்பில் ஒவ்வொரு வரிசையும் ஒரு மாநிலம், இரண்டு மாணவிகள் வேட்பாளர்கள். ஒரு வரிசையில் ஜெயித்தவளுக்கே அந்த வரிசையின் ஓட்டு முழுவதும். கடைசியில் கூட்டிப் பார்த்தால், அதிகம் பேர் கைதூக்கிய பெண் தோற்றுப்போயிருந்தாள். "அநியாயம்!" என்று வகுப்பே கத்தியது.

அந்த வகுப்பில் ஒரே ஒரு அமெரிக்கப் பெண். அம்மா ஜெர்மானியர். அப்பா பிரிந்து அமெரிக்காவுக்கே போய்விட்டார். அவரிடம் போன அண்ணன் ராணுவத்தில் சேர்ந்து வியட்நாமில் இருந்தான். அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பதினெட்டு வயதுக்காரர்கள் எல்லோரும் ஓட்டுப் போடப்போகும் முதல் அதிபர் தேர்தல் அது. செப்டம்பரில் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நான் ஓட்டுப் போட என்ன செய்யணும்? போரை நிறுத்தறேன்னு சொல்றவருக்குப் போடணும், அண்ணன் திரும்பி வரணும். அவனுக்காக என்னால ஆனது அது ஒண்ணுதான்."

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். பட்டியல் எடுக்கிறவங்க உன் பேரை எழுதியிருப்பாங்க. எல்லாம் தபால்ல வந்துடும்" என்றேன், வாக்குச்சாவடி அதிகாரியின் தோரணையில்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர், "உனக்கு கன்ஃபார்மா தெரியுமா? கான்சுலேட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்" என்றார். "நீங்க உங்க டெஸ்ட் டியூபைப் பாருங்க" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அதே நவம்பரில் ஜெர்மனியிலும் தேர்தல் வந்தது. பதினெட்டு முடிந்த தோழிகளுக்கெல்லாம் கேட்காமலேயே வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. வகுப்பில் காட்டிப் பெருமையடித்தார்கள். இவளுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. "வரும், வரும்" என்றேன் மறுபடியும்.

கடைசியில் அவளே ரயிலேறி பிராங்க்பர்ட் போய் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கேட்டிருக்கிறாள். அவள் நாட்டில் யாரும் வீடு தேடி வந்து பெயர் எழுதுவதில்லையாம். தானே விண்ணப்பம் அனுப்பிப் பதிந்துகொள்ள வேண்டுமாம். அவளுடைய மாநிலத்தில் அதற்கான கெடு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அதைச் சொல்லும்போது அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எந்த நாடானாலும் என்னைப் போல ஒருத்தி நோட்டோடு கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள் என்று நம்பியிருந்தேனே! மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

அமெரிக்கத் தேர்தல் முடிந்து சில நாளில் ஜெர்மன் தேர்தல். எங்கள் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. பழைய ஆசையில் வேடிக்கை பார்க்கப் போனேன். உள்ளே ஓட்டுப் போடப் போன அம்மாவுக்காக அவள் வாசலில் காத்திருந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், "நம்ம ரெண்டு பேருக்கும் இங்க ஓட்டு இல்லை" என்று சொல்லி அசடு வழிந்தேன்.

"உங்களுக்கு இங்க இல்லைதான் டீச்சர். எனக்கு அங்க இருந்தது" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை.

அடுத்த வருடம் நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். அவள் அண்ணன் வீடு வந்து சேர்ந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு ஓட்டால் போரா நின்றிருக்கும் என்று கணவர் ஆறுதல் சொல்வார். அது சரிதான். ஆனால், அண்ணனுக்காக அவளால் செய்ய முடிந்த அந்த ஒன்றையும், 'எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லக் கூச்சப்பட்ட என் வாய்தான் அவளிடமிருந்து பறித்தது என்பது இத்தனை வருடம் கழித்தும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.